மொத தடவ ஓவர்கிளாக் பண்றவங்களுக்கு: ஸ்பீடு ஈசி, வோல்ட்டுதான் செலவு

போன மாசம் பணிய லயத்து தம்பி ஒருத்தன், மழைக்கு உர பேக் ஒன்ன போத்தி கம்ப்யூட்டர தோள்ல தூக்கிட்டு வந்து எங்க வீட்டு இஸ்தோப்புல எறக்கி வெச்சான். "அண்ணே, இந்த சிபியூவ ஓவர்கிளாக் பண்ணி தாங்க, 5 கிகாஹெர்ட்ஸ் வந்தா போதும்"னு ஏதோ கடையில சீனி கேக்குற மாதிரி கேட்டான். பாவம், அவன் மிஷின்ல அது ஏலாது, ஏன் ஏலாதுங்கறத அவனுக்கு சொல்லப்போயி ரெண்டு மணித்தியாலம் ஆயிருச்சு, தேத்தண்ணி மூணு தடவ ஊத்தியாச்சு. அவனுக்கு சொன்னதத்தான் இங்க எழுதுறேன், நானும் இஞ்சினியர் எல்லாம் இல்ல, ஹட்டன் பக்கம் கல்யாண வீடு, தேர் திருவிழான்னு வீடியோ எடுத்து எடிட் பண்ற ஆளு, ரெண்டர் ஆகுற வரைக்கும், அதாவது கம்ப்யூட்டர் எடிட் பண்ணினத முழு வீடியோவா செஞ்சு குடுக்குற வரைக்கும், கொட்டாவி விட்டு விட்டுத்தான் இந்த ஓவர்கிளாக் பக்கமே வந்தேன்.

மொதல்ல ஒரு சின்ன விஷயம். நம்ம ஆளுங்க பெட்டி முழுசையும் சிபியூன்னுதான் சொல்லுவோம். உண்மையான சிபியூ, அதாவது ப்ராசசர், பெட்டிக்கு உள்ள மதர்போர்டுல கூலருக்கு அடியில உக்காந்திருக்கிற, கிட்டத்தட்ட தீப்பெட்டி அளவு சதுரத் துண்டு. ஓவர்கிளாக்ங்கறது அந்த துண்ட, அத செஞ்ச கம்பெனி குறிச்சு குடுத்த வேகத்த விட கூட ஓட வைக்கிறது, அம்புட்டுத்தான்.

வேகம்னா என்னா வேகம்? காமன் கூத்துல தப்பு மேளம் அடிக்கிறத பாத்திருப்பீங்க. ஒவ்வொரு அடிக்கும் ஆடுறவங்க ஒரு காலு வைக்கணும், அடுத்த அடி விழுறதுக்குள்ள அந்த காலு தரையில ஊனியிருக்கணும். ப்ராசசர்லயும் அதே கததான், கிளாக்ங்கறது அந்த தப்பு மேளம், உள்ள இருக்கிற கோடிக்கணக்கான டிரான்சிஸ்டருங்கதான் ஆடுறவங்க. 4 கிகாஹெர்ட்ஸ்னா ஒரு செக்கனுக்கு 400 கோடி அடி. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 0.25 நானோசெக்கன், அந்த நேரத்துல வெளிச்சமே ஏழரை சென்டிமீட்டர்தான் போகும், அதுக்குள்ள உள்ள ஒரு கணக்கு முடிஞ்சு விடை தயாரா நிக்கணும். தப்பு அடிக்கிறவர் வேகத்த கூட்ட கூட்ட ஒரு கட்டத்துல யாராவது ஒருத்தர் காலு பின்னுமே, அதுதான் ஓவர்கிளாக்ல மிஷின் ஹேங் ஆகுறது. எல்லாரும் நல்லா ஆடினாலும் ஒருத்தர் பின்னினா ஆட்டம் கெட்டுப்போகும், அதே மாதிரி உள்ள இருக்கிற வழியில ரொம்ப மெதுவான ஒரு வழி பிந்துனாலும் விடை பிழைதான்.

இந்த அடியோட எண்ணிக்கை எப்பிடி வருதுன்னா ரெண்டு நம்பரோட பெருக்கல். மதர்போர்டுல பேஸ் கிளாக்னு ஒன்னு 100 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், ப்ராசசர் அத ஒரு மல்டிப்ளையரால பெருக்கும், மல்டிப்ளையர் 36ன்னா 3600 மெகாஹெர்ட்ஸ், அதாவது 3.6 கிகாஹெர்ட்ஸ். 36ன்னு இருக்கிறத 39ன்னு மாத்தி சேவ் பண்ணினா ஓவர்கிளாக் பண்ணியாச்சு. உண்மையிலயே செய்யிற வேல அவ்வளவு சின்னது, அதுக்கப்புறம் வர்றதுதான் பெருசு.

சரி, அப்பிடி ஓட முடியும்னா கம்பெனிக்காரன் ஏன் கொறச்சு குடுக்குறான்னு தம்பி கேட்டான், நல்ல கேள்வி. தோட்டத்துல ஒரு நாளைக்கு இத்தன கிலோ கொழுந்து எடுத்தாத்தான் பேரு, அதாவது ஒரு நாள் சம்பளம்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க இல்லையா. அந்த கணக்கு எல்லாருக்கும் ஒன்னுதான், ஆனா எங்க பெரியம்மா மாதிரி ஆளு மத்தியானத்துக்குள்ளயே அத தாண்டிருவாங்க, இன்னொருத்தருக்கு பொழுது சாயுற வரைக்கும் இழுக்கும். ப்ராசசரும் அப்பிடித்தான், ஒரே சிலிகான் தகட்டுல இருந்து வெட்டின சிப்பா இருந்தாலும் ஒன்னு போல இன்னொன்னு இருக்காது. அதனால பெட்டியில ஒட்டுற நம்பர், அந்த மாடல்ல வர்ற ரொம்ப சுமாரான சிப்பும், ரொம்ப சூடான ஊர்லயும், சின்ன கூலரோடயும், வருஷக்கணக்கா தாங்குற நம்பர். உங்களுக்கு பெரியம்மா மாதிரி சிப் விழுந்திருந்தா மிச்சம் நெறைய இருக்கும், விழலைனா கொஞ்சூண்டுதான். இத சிலிகான் லாட்டரின்னு சொல்லுவாங்க. அதனாலதான் யாரோ வீடியோவுல 4.2 போட்டாருன்னு நீங்களும் 4.2 போடக்கூடாது, அவரோட சிப்பு வேற உங்களோட சிப்பு வேற.

பழைய காலத்துல இந்த லாட்டரி சும்மா கொட்டுச்சாம். 1998ல வந்த இன்டெல் செலரான் 300ஏ, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ல (அந்த காலத்து பேஸ் கிளாக்) நாலரை மடங்கு, 300 மெகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையர மாத்த ஏலாது, ஆனா பஸ்ஸ 100க்கு தூக்கினா அதே நாலரை மடங்குல 450, நெறைய பேருக்கு அது சும்மா ஓடுச்சு, அதாவது மலிவு சிப்ப வாங்கி பாதி வேகம் ஓசியில. இப்ப அந்த காலம் முடிஞ்சு போச்சு, புது ப்ராசசருங்க பூஸ்ட்ங்கற பேர்ல தானாவே முக்காவாசி மிச்சத்த எடுத்துக்குது, நமக்கு மிஞ்சுறது அடிப்பாத்திரம்தான்.

இப்ப தம்பியோட மிஷினுக்கு வருவோம். அவனோடது இன்டெல் ஐ5 10400, எச்410 போர்டு. இன்டெல்ல பேருக்கு கடைசியில கே, கேஎஃப், கேஎஸ்னு எழுத்து இருந்தாத்தான் மல்டிப்ளையர் தொறந்திருக்கும், அதோட போர்டும் இசட்ல ஆரம்பிக்கணும், இசட்490, இசட்690 அந்த மாதிரி. ரெண்டுல ஒன்னு இல்லைனாலும் கத முடிஞ்சுது. ஏஎம்டி ரைசன்ல கொஞ்சம் தாராளம், டெஸ்க்டாப் ரைசன்ல கிட்டத்தட்ட எல்லாமே தொறந்ததுதான், ஆனா போர்டு பி450, பி550, எக்ஸ்570 மாதிரி இருக்கணும், ஏ320, ஏ520 போர்டுல ப்ராசசர் ஓவர்கிளாக் கெடையாது. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இத மொதல்லயே கேட்டு வாங்குங்க.

அதுக்காக அவன வெறுங்கையோட அனுப்பல. தொறந்து பாத்தா ரேம் ஒரே குச்சி, ரெண்டாவது ஸ்லாட் காலியா கெடக்குது, கூலர்ல ஒரு வெரல் தடிப்புக்கு தூசி. தூசிய தட்டி, பழைய தெர்மல் பேஸ்ட்ட தொடச்சு புதுசு வெச்சு, அதே மாதிரி இன்னொரு ரேம் குச்சி போட சொன்னேன், ரெண்டு குச்சி ரெண்டு சேனல்ல ஓடும்போது கேம்ல தெரியுற வித்தியாசம், அவன் ஆசப்பட்ட ஓவர்கிளாக்க விட கூட இருக்கும்னு நெனைக்கிறேன். உங்க எல்லாருக்கும் இதையே சொல்றேன், ப்ராசசர தொடுறதுக்கு முந்தி ரேம பாருங்க. 3200ன்னு எழுதின ரேம வாங்கி போட்டாலும், பயோஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முந்தி தொறக்குற மதர்போர்டோட செட்டிங்ஸ் பக்கம்) எக்ஸ்எம்பிங்கற செட்டிங்க ஆன் பண்ற வரைக்கும் அது 2133லயோ 2400லயோதான் ஓடும், நான் ஒன்ற வருஷம் அப்பிடித்தான் ஓட்டினேன், வெக்கமா இருக்கு சொல்றதுக்கு. எச்410 மாதிரி போர்டுல மட்டும் ரேமுக்கும் ஒரு எல்லை இருக்குது, அங்க 3200 வராது.

என்னோடது ரைசன் 5 2600, 2018ல வந்தது, 6 கோர் (கோர்ங்கறது உள்ள தனித்தனியா கணக்கு போடுற பகுதி), பேஸ் 3.4, பூஸ்ட் 3.9. பூஸ்ட் 3.9ன்னா ஒன்னு ரெண்டு கோர் வேல செய்யும்போதுதான், ஆறும் சேந்து ரெண்டர் பண்ணும்போது என்னோடதுல 3.6 கிட்டத்தான் நின்னுச்சு. மொத நாள் நான் செஞ்ச முட்டாள்தனம் என்னான்னா மல்டிப்ளையர 40ன்னு போட்டுட்டு வோல்டேஜ ஆட்டோவுலயே விட்டேன். விண்டோஸ் வந்துச்சு, சந்தோஷத்துல குதிச்சேன், பொறவு சூடும் வோல்ட்டும் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ ப்ரோக்ராம போட்டு பாத்தா வோல்ட் 1.45ல நிக்குது, சூடு 90 தாண்டி ஏறிக்கிட்டே இருக்கு. இந்த சிப்போட எல்லையே 95 டிகிரி. ஆட்டோன்னு விட்டா போர்டு, மிஷின் ஹேங் ஆகாம இருந்தா போதும்னு பயத்துல அள்ளி குடுக்கும், அதனால கைல போடணும்.

இந்த வோல்டேஜ் சமாச்சாரம்தான் முழு கதையே, இங்க கொஞ்சம் நிதானமா வாசிங்க. டிரான்சிஸ்டர் ஒன்னு சீக்கிரமா ஆன் ஆஃப் ஆகணும்னா அதுக்கு குடுக்குற வோல்ட்ட கூட்டணும், பைப்புல தண்ணி அமுக்கம் கூடினா வாளி சீக்கிரம் நெறையிற மாதிரி. அதனால வேகத்த ஏத்தி ஹேங் ஆச்சுன்னா கொஞ்சம் வோல்ட்ட ஏத்தினா நிக்கும். ஆனா சிப்பு தின்னுற கரண்ட், வேகத்தோட நேரா கூடும், வோல்டேஜோட வர்க்கமா கூடும். என்னோட கணக்கையே சொல்றேன். 3.8க்கு 1.25 வோல்ட் போதுமா இருந்துச்சு, 4.0க்கு 1.35 கேட்டுச்சு. வேகம் கூடினது 5 சதவீதம். கரண்ட் எவ்வளவுன்னா, 1.35ஐ 1.25ஆல வகுத்து வர்க்கம் எடுத்து அத, 4.0ஐ 3.8ஆல வகுத்து வர்றதால பெருக்கிப் பாருங்க, கிட்டத்தட்ட 1.23. அதாவது 5 சதவீத வேகத்துக்கு 23 சதவீதம் கூட கரண்ட், அம்புட்டும் சூடாத்தான் வெளிய வரும். 4.1க்கு 1.4 குடுத்தும் நிக்கல, விட்டுட்டேன். இந்த சிப்புக்கு கைல போடுற வோல்ட் 1.35க்கு மேல போகாம இருக்கிறது நல்லது, வேற மாடல்னா அதுக்குரிய அளவ தேடிப் பாருங்க, என்னோட நம்பர எடுத்து போடாதீங்க.

வோல்ட் கூடினா சூடு மட்டும் இல்ல, சிப்பு மெதுமெதுவா தேயும். இன்னைக்கு 1.3ல நின்னது ரெண்டு வருஷம் கழிச்சு 1.35 கேக்கலாம். ஓவர்கிளாக் பண்ணாதவங்களுக்கும் இது நடந்திருக்கு, இன்டெல்லோட 13ஆம், 14ஆம் தலைமுறை ப்ராசசருங்க சிலது அளவுக்கு மிஞ்சின வோல்டேஜ் போயி கெட்டுப்போச்சு, 2024 ஆகஸ்ட்ல அதுக்கு திருத்தம் விட்டாங்க, வாரன்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. அவங்க போட்ட வோல்ட்டுக்கே அப்பிடின்னா நம்ம கைல போடுறதுக்கு யாரு பொறுப்பு? நாமதான், ஓவர்கிளாக்கால கெட்டதுக்கு வாரன்டி கெடையாது.

செய்யிற விதம் இப்பிடி. பயோஸுக்குள்ள போங்க, மிஷின ஆன் பண்ணினதும் டெலீட் கீய தட்டிக்கிட்டே இருந்தா வரும். மொதல்ல இப்ப இருக்கிற செட்டிங்ஸ்ஸ போன்ல போட்டோ எடுத்து வைங்க. விண்டோஸ்ல, ப்ராசசருக்கு மார்க் போடுற சினிபெஞ்ச் ப்ரோக்ராம ஓட்டி பழைய ஸ்கோரையும் சூட்டையும் குறிச்சு வைங்க, இல்லாட்டி கடைசியில கூடுச்சா கொறஞ்சுதான்னே தெரியாது. பொறவு சிபியூ ரேஷியோன்னு இருக்கிறத, அதாவது மல்டிப்ளையர, ஒன்னு மட்டும் ஏத்துங்க, கோர் வோல்டேஜ ஆட்டோவுல இருந்து மேனுவலுக்கு மாத்தி கொறஞ்ச அளவுல போடுங்க, சேவ் பண்ணி விண்டோஸுக்கு வந்து சினிபெஞ்ச் ஒரு ரவுண்டு. நின்னுச்சுன்னா இன்னொரு படி. நிக்கலைனா, அதாவது நீல ஸ்கிரீனோ சும்மா ரீஸ்டார்ட்டோ ஆச்சுன்னா, வோல்ட்ட 0.0125 இல்ல 0.025 அளவுல ஒரு சொட்டு ஏத்துங்க. ஒரே நேரத்துல ரேமையும் ப்ராசசரையும் மாத்தினீங்கன்னா எதால ஹேங் ஆகுதுன்னு தெரியாம தலைய சொறியணும், ஒன்ன முடிச்சுட்டு மத்தது. லோட்லைன் கலிப்ரேஷன்னு ஒன்னு கண்ணுல படும், வேல கூடும்போது வோல்ட் கொஞ்சம் எறங்கும், அத தாங்கிப் பிடிக்கிறது அது, நடு அளவுல வைங்க, உச்சத்துல வெச்சா வேல சட்டுன்னு நிக்கும்போது வோல்ட் துள்ளும்.

மிஷின் ஆன் ஆகவே மாட்டேங்குதுன்னா பயப்படாதீங்க, ஒன்னும் செத்துப்போகல. வயர புடுங்கிட்டு, மதர்போர்டுல சிமோஸ் கிளியர்னு எழுதின ரெண்டு பின்ன ஸ்குரூ டிரைவரால கொஞ்ச நேரம் தொட்டு பிடிங்க, இல்லைனா அந்த வட்ட பேட்டரிய கழட்டி அஞ்சு நிமிஷம் வெச்சுட்டு போடுங்க, எல்லாம் பழையபடி வந்துரும்.

விண்டோஸ் வந்துச்சு, கேம் ஓடுதுங்கறதெல்லாம் டெஸ்ட் இல்ல, இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஹேங் ஆகுறது கூட நல்லது, தெரிஞ்சிரும். ஹேங் ஆகாம கணக்க மட்டும் பிழையா போடுறதுதான் ஆபத்து. எனக்கு ஒரு கல்யாண வீடியோவுல, எல்லாம் சரியா ரெண்டர் ஆயி, தாலி கட்டுற எடத்துல மட்டும் பச்சை பச்சையா கட்டம் விழுந்துருச்சு, மாப்பிள்ள மூஞ்சிய காணோம். ஒரிஜினல் இருந்ததால பொழச்சேன். அதனால பிரைம்95 ஓட்டுங்க, அது விடை தெரிஞ்ச கணக்க திரும்ப திரும்ப போட்டு ஒத்துப் பாக்கும், ஒரு எடம் பிழையானாலும் அந்த கோர நிறுத்தி சொல்லிரும். ஓசிசிடின்னு இன்னொரு டெஸ்ட் ப்ரோக்ராமும் நல்லது. ரெண்டு மூணு மணித்தியாலம் ஓட்டி சூடு 85க்கு கீழ நின்னா எனக்கு போதும்.

இனி நம்ம ஊருக்குன்னே உள்ள ஒரு சங்கதி. நான் என்னோட மிஷின 4.0ல சரி பண்ணினது ஜனவரி மாசம் ராத்திரி, வெளிய பனி கொட்டுது, ரூம்ல கம்பளி போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன், பிரைம்95 விடிய விடிய ஓடுச்சு, சூடு 72. மார்ச்ல ஒரு நாள் மத்தியானம் ஒரு மணி, சும்மா ரெண்டர் போட்டதுக்கே படுத்துருச்சு. என்னான்னு பாத்தா மேல தகரம்! தகரக் கூரைக்கு அடியில மத்தியான வெயில்ல ரூம் எப்பிடி கொதிக்கும்னு லயத்துல பொறந்தவங்களுக்கு சொல்ல தேவையில்ல. கூலர்ங்கறது ரூம் சூட்டுக்கு மேல இத்தன டிகிரின்னுதான் வெச்சுக்கும், ரூம் 15 டிகிரி ஏறினா சிப்பும் அதே 15 ஏறும், சூடு ஏறினா அதே வேகத்துக்கு கூட வோல்ட் கேக்கும். அதனால டெஸ்ட் பண்றதுன்னா வெயில் நேரத்துல, ஜன்னல சாத்திட்டு பண்ணுங்க. அதே மிஷின கொழும்புக்கு வேலைக்கு போகும்போது தூக்கிட்டு போறவங்களும் அங்க போயி திரும்ப டெஸ்ட் பண்ணணும்.

குளிர் ஊர்னா நமக்கு லாபம்னு நெனைக்கிறதும் பாதிதான் உண்மை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்க காத்து கடல் மட்டத்த விட சுமார் 17 சதவீதம் லேசு, அதனால ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் அள்ளிட்டு போற சூடு கொறைவு. குளிர்ல வர்ற லாபம் அத விட கூடத்தான், ஆனா முழுசா கெடைக்காது. இன்னொன்னு, மூடுபனி உள்ள வந்தா போர்டுல தண்ணி கோக்குமான்னு கேக்குறாங்க. ஃபேன் கூலர்ல சிப்பு எப்பவும் ரூம விட சூடாத்தான் இருக்கும், சூடான பொருள்ல பனி கோக்காது, ஓடிக்கிட்டு இருக்கிற மிஷினுக்கு பயமில்ல. ரெண்டு மாசம் மூடி வெச்ச மிஷின்தான் ஈரத்துல பூசணம் பூத்துப் போகும், வாரத்துல ரெண்டு தடவ போட்டு விடுங்க.

கரண்ட் பத்தி ரெண்டு வரி. சாயங்காலம் எல்லா வீட்டுலயும் ஹீட்டரும் அயர்னும் போட்டா எங்க லைன்ல பல்பே மங்கும், அந்த நேரத்துல ஸ்டேபிலிட்டி டெஸ்ட் போட்டு மிஷின் நின்னா பழிய ஓவர்கிளாக் மேல போடாதீங்க. ஓவர்கிளாக் பண்ணின மிஷின் கூட கரண்ட் இழுக்கும், யூபிஎஸ்ல 650 விஏன்னு எழுதியிருந்தாலும் வாட் கணக்குல பெரும்பாலும் 360, 390 அளவுதான் தாங்கும், கிராபிக்ஸ் கார்டும் இருந்தா கூட்டிப் பாருங்க. பேர் தெரியாத மலிவு பவர் சப்ளைல இந்த வேலையே வேணாம்.

புது ரைசன், 5000 சீரீஸும் அதுக்கு மேலயும் வெச்சிருக்கிறவங்க நான் செஞ்ச மாதிரி ஒரே வேகத்துல பூட்டாதீங்க, அது ஒத்தக் கோர்ல தானா போற உச்ச வேகத்த இழக்க வெச்சிரும். பயோஸ்ல கர்வ் ஆப்டிமைசர்னு இருக்கு, அதுல வோல்ட்ட கொஞ்சம் கொறைக்கிறதுதான் வழி, கொறைச்சா சூடு கொறையும், சூடு கொறைஞ்சா பூஸ்ட் தானா கூட நேரம் மேல நிக்கும். வேகத்துக்காக வோல்ட்ட கொறைக்கிறதுன்னு சொன்னா தம்பி நம்பல, ஆனா இப்ப நெறைய பேர் செய்யிறது இதத்தான்.

நான் கடைசியா 3.9, 1.275 வோல்ட்ல நிறுத்திட்டேன். 50 நிமிஷம் எடுத்த ரெண்டர் இப்ப 46 நிமிஷம். தகரம் கொதிச்சாலும் 80 தாண்டல. 4.0ங்கற நம்பர் பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த ஒரு படிக்கு ஃபேன் போடுற சத்தத்துல அம்மா டீவி பாக்க ஏலாதுன்னு ஏசுறாங்க.

எல்லாம் சரியா வந்ததும் பயோஸ்லயே ப்ரொஃபைலா சேவ் பண்ணுங்க, அதோட ஒரு துண்டு பேப்பர்ல நம்பருங்கள எழுதி பெட்டிக்கு உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைங்க. பழைய போர்டுல அந்த வட்ட பேட்டரி வீக்கா இருந்தா ஒவ்வொரு தடவ கரண்ட் கட் ஆகும்போதும் திகதியும் செட்டிங்ஸும் அழிஞ்சிரும், ஓவர்கிளாக் தானா போயிருச்சேன்னு பேய் பிசாசுன்னு நெனைக்காம பேட்டரிய மாத்துங்க, சிஆர்2032ன்னு கேட்டா டவுன்ல வாட்ச் கடையிலயே இருக்கும்.